பெண் உடையும் வீட்டு வேலையும்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

வீட்டுக்குள் எதிர்பால் உடை அணிகிறவர்களும் அவர்களோடு வாழ்கிறவர்களும் எழுதிய கேள்விகள் இவை. உடையில் தொடங்கும் கடிதங்கள் பலவும் துடைப்பத்திலும் சமையலறையிலும் போய் நிற்கின்றன. அதனால் இம்முறை அதை மட்டும் எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: என் கணவர் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் நைட்டியோ புடவையோ கட்டிக்கொள்வார். எனக்குத் தெரிந்துதான் நடக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்குப் பெருக்கி, துடைத்து, சமைத்து, பாத்திரம் கழுவி வீட்டையே பளபளவென்று ஆக்கிவிடுவார். மறுநாள் பேண்ட் சட்டைக்கு மாறியதும் குடித்த டம்ளரைக்கூட எடுத்துவைக்க மாட்டார். கேட்டால், "நேத்துதானே அவ்வளவும் செஞ்சேன்" என்கிறார். எனக்குக் கோபம் வருவது சரியா?

பதில்: நியாயமான கோபம். அவர் கணக்குச் சொல்வதால் நாமும் கணக்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு ஞாயிறுக்கு ஆறு மணி நேரம் என்று தாராளமாக வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 12 மணி நேரம். இரவுப் பாத்திரம் கழுவி அடுப்படியைத் துடைக்க மட்டும் நாளுக்கு 45 நிமிடம் ஆகும் என்றால், அது மாதத்துக்கு 22½ மணி நேரம். வீட்டையே கழுவித் தள்ளிய அந்த இரண்டு நாளும் சேர்ந்து, தினசரி வேலைகளில் ஒன்றே ஒன்றின் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டுகின்றன. பளபளப்பு கண்ணில் படுகிறது. தினமும் நடக்கும் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை.

உங்கள் வீட்டில் மட்டும் இப்படி இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் செலவிடுவது 1 மணி 23 நிமிடம். மொத்த நேரத்தில் 76.2 விழுக்காடு பெண்களுடையது.

இந்தக் கணக்கிலும் வராத ஒரு பங்கு இருக்கிறது. சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதியரிடம் பேசி 2019-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். வீட்டு வேலைக்குப் பின்னால் இருக்கும் யோசனையை அவர் நான்காகப் பிரித்தார்: என்ன தேவைப்படப் போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவன்மார் ஓரளவு பங்கெடுக்கிறார்கள். முதலாவதும் கடைசியும் பெரும்பாலும் மனைவி தலையில்தான் விழுகின்றன. உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவும்போது சோப்புத் தீரப்போகிறது என்று முன்பே கவனித்து வாங்கி வைத்தது யார்? அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தாளைச் சமையலறைக் கதவில் ஒட்டுங்கள். வேலை, அதை முதலில் கவனித்தவர், செய்தவர், எத்தனை நிமிடம் என்று நான்கு பத்தி போதும். யாரும் யாரையும் குறை சொல்லாமல் எழுதிக்கொண்டே வாருங்கள். முடிவில் இரண்டு வேலையை முழுதாக அவர் பெயருக்கு மாற்றுங்கள். ஒன்று தினசரி வேலையாகவும் மற்றது வாராந்தர வேலையாகவும் இருக்கட்டும். முழுதாக என்றால், துணி என்று எடுத்தால் அழுக்குக் கூடை நிரம்பியதைக் கவனிப்பதிலிருந்து மடித்து அலமாரியில் வைப்பது வரை. சோப்புத்தூள் வாங்குவதும் அதற்குள் அடக்கம்.

இது எங்கே உடையும் என்பதும் தெரிந்ததுதான். முதல் வாரம் அவர் மறப்பார், நீங்கள் ஞாபகப்படுத்துவீர்கள். ஞாபகப்படுத்தினால் கண்காணிக்கும் வேலை உங்களிடமே திரும்பிவிடும். ஒரு மாதத்துக்கு வாய் திறக்காதீர்கள், துணி குவிந்தாலும் குவியட்டும். அதேபோல அவர் மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்காதீர்கள். எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்பதை இருவரும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். "வேலை செஞ்சாதான் புடவை" என்று பேரம் பேசிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் உடைக்கும் வேலைக்கும் உள்ள முடிச்சு இன்னும் இறுகும். அவிழ வேண்டியதே அந்த முடிச்சுதான்.

கேள்வி: பெண் உடை அணிந்தால் எனக்குத் தானாகவே வீட்டு வேலை செய்யத் தோன்றுகிறது, மனசும் அமைதியாகிறது. ஒரு நாள் மனைவியிடம், "இன்னைக்கு நீ ராணி மாதிரி உட்காரு. என்ன வேணும்னு சொல்லு, நான் செய்றேன்" என்றேன். "பொம்பளைன்னா துடைப்பம்தானா உங்களுக்கு?" என்று கேட்டு அழுதுவிட்டாள். நல்லதைத்தானே சொன்னேன்?

பதில்: நல்ல எண்ணத்தோடு சொன்னீர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. சிறு வயதிலிருந்து உங்கள் கண்ணுக்குத் தெரிந்த பெண்கள் எல்லாம் ஏதாவதொரு வேலையில் இருந்திருப்பார்கள். உடை, வளையல், ஈரக் கை, சமையலறை எல்லாம் ஒரே பொட்டலமாக மனதில் பதிந்திருக்கும். அந்த உடையை அணிந்ததும் கை துடைப்பத்தைத் தேடுவதற்கு அதுவே காரணம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் மனைவிக்கு அந்த வேலை பிடித்து எடுத்துக்கொண்டதல்ல. நீங்கள் மாலையில் உடையைக் கழற்றி மாட்டியதும் வேலையும் கழன்றுவிடுகிறது. அவருக்கு எந்த உடையில் இருந்தாலும் கழலுவதில்லை. அவரைப் பல வருடமாகக் களைக்க வைத்த ஒன்றை நீங்கள் அலங்காரமாக அணிந்து காட்டியபோது அவருக்கு வலித்திருக்கிறது.

"நீ சொல்லு, நான் செய்றேன்" என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சொல்வதே ஒரு வேலை. எது முதலில், எது அடுத்து, எந்தத் துணியால் துடைப்பது என்று உட்கார்ந்து கட்டளையிடுகிறவர் ஓய்வில் இருப்பதில்லை, மேற்பார்வையில் இருக்கிறார். இதோடு இன்னொன்றையும் நேர்மையாக யோசியுங்கள். பணிப்பெண் உடையில் வேலை செய்வதிலும் ஏவப்படுவதிலும் உங்களுக்குக் கிளர்ச்சி இருக்கிறதென்றால், அது தம்பதியருக்கு இடையிலான அந்தரங்க விஷயம். அதற்குத் தனியாகப் பேசி, தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும். அந்த நேரத்தை வீட்டு வேலைப் பங்கில் சேர்க்கக் கூடாது.

என்ன செய்யலாம்? ஒரு மாதம் உங்கள் வழக்கமான பேண்ட் சட்டையிலேயே வேலையைச் செய்யுங்கள். மனதுக்கு இதமானதை மட்டும் பொறுக்கி எடுக்காமல், யாருக்கும் பிடிக்காததையும் எடுங்கள்: கழிப்பறை, குளியலறைச் சாக்கடை வலையில் சிக்கிய முடி, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டு. கழிப்பறையைக் கழுவும்போது அமிலம் கலந்த கிளீனரையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். அமோனியா உள்ள கிளீனரோடும் பிளீச் சேரக் கூடாது. ஒன்றை ஊற்றித் தேய்த்து, நன்றாக அலசிவிட்டு, தேவைப்பட்டால் வேறொரு நாள் மற்றது. கைப்பிடி, ஃப்ளஷ் பொத்தான் போன்றவற்றைத் துடைக்க 5 விழுக்காடு பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி போதும். கூடுதலாக ஊற்றினால் கண்ணும் மூக்கும்தான் எரியும். செய்து முடித்ததும் "பாத்தியா?" என்று கேட்காதீர்கள். அவர் செய்தபோது யாரும் வந்து பாராட்டவில்லை.

பெண் உடையில் இருக்கும் நாளில் சும்மா உட்கார்ந்தும் பாருங்கள். பத்திரிகை படியுங்கள், காலை நீட்டிச் சாய்ந்திருங்கள், வெயில் விழும் ஜன்னலோரம் பாட்டுக் கேளுங்கள். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் முழுமையான பெண்தான். அந்த அமைதி உங்களுக்கு அப்போதும் கிடைக்கிறது என்றால், நீங்கள் தேடியது உடையை. வேலை அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். இதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள். நீங்கள் துடைத்த தரையைவிட இது அவருக்கு அதிக ஆறுதல் தரலாம்.

கேள்வி: கணவர் பெண் உடை அணிவது நோயா? நாளைக்கே முழுதாகப் பெண்ணாக மாறிவிடுவாரா? என்னை விட்டு ஆண்களிடம் போய்விடுவாரா?

பதில்: நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் முன்பு இதற்கென்று இருந்த தலைப்புகள் 11-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டன. 2019-இல் ஏற்கப்பட்ட அந்தப் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 கையேடும், அந்தப் பழக்கம் ஒருவருக்குக் கடும் மன வேதனையோ வாழ்க்கைப் பாதிப்போ தந்தால்தான் அதைக் கோளாறாகக் கொள்கிறது.

உடையை மாற்றி அணிகிறவரும் திருநங்கையும் ஒன்றல்ல. திருநங்கைக்குத் தான் பெண் என்பது எந்த உடையில் இருந்தாலும் மாறாத உணர்வு. கிராஸ்டிரெஸ்ஸர், அதாவது உடையை மட்டும் மாற்றி அணிகிறவர், பலர் தம்மை ஆணாகவே உணர்கிறார்கள். சிலர் நாளாக நாளாகத் தம்மைப் பற்றி வேறு விதமாகப் புரிந்துகொள்வதும் உண்டு. எனவே ஊகிப்பதைவிட அவரிடமே கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு ஓர் எண் சொல்லலாம். ரிச்சர்ட் டாக்டர் (Docter), வர்ஜீனியா பிரின்ஸ் என்ற இருவர் 1,032 கிராஸ்டிரெஸ்ஸர்களிடம் நடத்தி 1997-இல் வெளியிட்ட கருத்தாய்வில், 87 விழுக்காட்டினர் தமக்குப் பெண்கள் மீதே ஈர்ப்பு என்றார்கள். 60 விழுக்காட்டினர் அப்போது திருமண உறவில் இருந்தார்கள்.

கேள்வி: பெண் உடையில் சமைக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன? விக், ஒட்டு நகம், சிலிகான் மார்பு எல்லாம் அணிகிறேன்.

பதில்: இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதே நல்லது. பெண்கள் சிறு வயதிலிருந்தே அடுப்படியில் துணியை ஒதுக்கி நிற்கப் பழகியிருப்பார்கள். தொங்கும் துணி எங்கே இருக்கிறது என்பது அவர்கள் உடலுக்கே தெரியும். எப்போதாவது அணிகிறவருக்கு அந்த உணர்வு இருக்காது. பின்பக்க அடுப்பில் இருக்கும் பாத்திரத்தை எட்டி எடுக்கும்போது முன்பக்கச் சுவாலை மேல் முந்தானை விழுவதைக் கவனிக்க மாட்டார்.

முதலில் துணி. பாலியெஸ்டர் சுமார் 250 டிகிரியில் உருகும். நைலான் வகையைப் பொறுத்து 220-லிருந்து 260-க்குள் உருகிவிடும். அடுப்புச் சுவாலையின் வெப்பம் அதைப்போலப் பல மடங்கு. உருகிய துணி தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பருத்தி உருகாது, ஆனால் மெல்லிய பருத்தி மளமளவென்று எரியும். எனவே அடுப்படிக்கு அழுத்தமான, உடம்போடு ஒட்டிய பருத்தி உடை. உடையின் கை முழங்கைக்கு மேல் இருக்கட்டும். புடவை என்றால் முந்தானையைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் இறுகச் செருகி, கீழ் விளிம்பைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள். தோளில் பின் குத்தினாலும் குனியும்போது அதன் முனை முன்னால் வந்துவிடும். மேலே ஒரு தடித்த பருத்தி ஏப்ரன், அதன் நாடாவை முன்பக்கம் தொங்கவிடாமல் பின்னால் முடிந்து.

செயற்கை இழை விக் நெருப்புப் பட்டால்தான் கெடும் என்று நினைக்காதீர்கள். ஓவன் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் அனலே போதும், முன்பக்க முடி சுருண்டு பொசுங்கிவிடும். கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்போது வரும் ஆவியும் அதையே செய்யும். அப்படிப் பொசுங்கியதைச் சீவி நேராக்க முடியாது. சமைக்கும்போது விக்கைக் கழற்றிவிட்டுத் தலையில் பருத்தித் துணி கட்டிக்கொள்வதுதான் சரி.

நகத்தில் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒட்டு நகமும் பாலிஷும் தீப்பிடிப்பவை, பாலிஷ் அகற்றும் அசிட்டோன் இன்னும் வேகமாகப் பிடிக்கும். அந்தப் பாட்டிலைச் சமையலறையில் திறக்கவே கூடாது. அடுத்தது சுத்தம். ஒட்டு நகத்துக்கு அடியில் அழுக்கும் கிருமியும் தங்கும், சாதாரணமாகக் கை கழுவினால் போகாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கைச்சுத்த வழிகாட்டுதலில், நோயாளிகளைத் தொட்டுப் பணிபுரிகிறவர்கள் ஒட்டு நகம் அணியக் கூடாது என்றே சொல்கிறது. மாவு பிசைவது, பச்சை இறைச்சி கழுவுவது போன்றவற்றுக்கு வெறுங்கையும் குட்டை நகமும்தான். பாத்திரம் கழுவ ஒரு சைஸ் பெரிய ரப்பர் கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் நகமே அதைக் கிழித்துவிடும். நகம் ஒட்டும் பசை பருத்தித் துணியில் கொட்டினால் உடனே துணியைத் தோலிலிருந்து விலக்குங்கள். சயனோஅக்ரிலேட் என்ற அந்தப் பசை பருத்தியோடு சேர்ந்தால் சூடேறித் தோலைச் சுடும்.

சிலிகான் மார்பு ஒரு ஜோடி ஒரு கிலோவைத் தாண்டுவது சாதாரணம். சாதாரண பிராவுக்குள் வைத்தால் குனியும்போது நழுவி வெளியே வரும். உள்ளே பை தைத்த பிரா வாங்குங்கள். அதிலும் முக்கியம், உங்கள் உடம்பின் முன்பக்கம் எங்கே முடிகிறது என்ற கணக்கு மாறிவிடுகிறது. அடுப்பு மேடையை ஒட்டி நிற்கும்போது மார்புப் பகுதித் துணி சுவாலைப் பக்கம் போவது தெரியாது, ஏனென்றால் அங்கே சூட்டை உணரும் தோல் இல்லை. அரையடி தள்ளி நில்லுங்கள்.

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. அப்படியே தரையில் படுத்து, கையால் முகத்தை மூடி, அணையும்வரை உருள வேண்டும். பிறகு குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் ஓடவிடுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம். பெண் உடையில் இருக்கிறோமே என்று மருத்துவமனைக்குப் போகத் தயங்குவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. மருத்துவர் பார்க்கப்போவது காயத்தைத்தான்.

கேள்வி: துணி துவைப்பது என் பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டேன். முதல் தடவையே மனைவியின் பட்டுச் சட்டை மங்கிவிட்டது, இரண்டு பிரா நெளிந்துவிட்டன. இனி என் துணியைத் தொடாதே என்கிறார். எப்படிக் கற்றுக்கொள்வது?

பதில்: உங்கள் பெண் உடைகளை வைத்தே கற்றுக்கொள்ளுங்கள். அவருடைய துணியில் பழக வேண்டாம். ஆண்களின் பேண்ட் சட்டைகள் பலவும் எந்தத் துவைப்பையும் தாங்கும். அதனால்தான் பல ஆண்களுக்குத் துணியின் உள்பக்க லேபிளைப் படிக்கும் வழக்கமே வருவதில்லை. தொட்டி வடிவம் தண்ணீரில் துவைக்கலாம் என்பதைக் காட்டும். அதற்குள் கை இருந்தால் கையால் மட்டும், அடியில் கோடு இருந்தால் மெதுவான சுற்று. முக்கோணம் பிளீச். சதுரத்துக்குள் வட்டம் டிரையர். எதன் மேல் பெருக்கல் குறி விழுந்திருக்கிறதோ அது கூடாது. இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் சுமார் 110 டிகிரி, இரண்டுக்கு 150, மூன்றுக்கு 200. நைலானுக்குப் பெரும்பாலும் ஒரு புள்ளிதான், பாலியெஸ்டருக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும்.

பட்டு மங்கியதற்குக் காரணம் சோப்புத்தூளாக இருக்கும். பட்டு ஒரு புரதம். சாதாரணச் சோப்புத்தூள் காரத்தன்மை உள்ளது. பலவற்றில் கறைக்காகப் புரதத்தைச் சிதைக்கும் என்சைமும் சேர்த்திருப்பார்கள், அது பட்டையும் அரிக்கும். குளோரின் பிளீச் பட்டைக் கரைத்தே விடும். குளிர்ந்த தண்ணீர், பட்டுக்கான மென்மையான திரவ சோப்பு, இரண்டு மூன்று நிமிடம் அலசல், இவ்வளவுதான். ஊற வைக்கக் கூடாது. பிழியாமல் உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி, நிழலில் உலர்த்துங்கள். அதற்கு முன் உள் மடிப்பின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் உலர் சலவைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிரா நெளிந்ததற்குக் காரணம் சூடும் சுழற்சியும். உள்ளே இருக்கும், இழுத்தால் நீளும் எலாஸ்டேன் இழைக்குச் சூடு ஆகாது. கொக்கிகளை மாட்டிவிட்டு, வலைப் பையில் போட்டு, 30 டிகிரியில் மெதுவான சுற்றில் விடுங்கள். கொக்கி திறந்திருந்தால் பக்கத்துத் துணியின் இழையை இழுத்துவிடும். டிரையர் கூடவே கூடாது. தோள்பட்டை நாடாவைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் நாடா நீளும். நடுப்பட்டி கொடியில் படும்படி மடித்துப் போடுங்கள்.

கேட்காமலே ஒன்று சொல்கிறோம்: மனைவியின் உடைகளை அணியாதீர்கள். அகலமான தோளுக்கும் முதுகுக்கும் அவர் சட்டை தாங்காது, தோள் தையல் விட்டுவிடும். அதைவிட, கேட்காமல் எடுப்பது அவர் உடம்புக்கு நெருக்கமான ஒன்றை எடுப்பதாகும். மார்பு, இடுப்பு, தோள் மூன்றையும் டேப்பால் அளந்து உங்களுக்கென்று வாங்குங்கள். உங்களுடையதை நீங்களே துவைத்து, உங்கள் தட்டிலேயே அடுக்குங்கள்.

கேள்வி: நான் பெண். வீட்டிலும் வெளியிலும் ஆண்கள் பேண்ட் சட்டைதான். இப்போது கசியும் குழாய், எரியாத பல்பு, கனமான மேசை எல்லாம் "நீதான் ஆம்பளையாச்சே" என்று என்னிடம் வருகின்றன. சமையலும் என்னிடமே இருக்கிறது! குழாய் வேலை எனக்குத் தெரியவும் தெரியாது.

பதில்: பேண்ட் அணிந்தால் ஆண் வேலை, பெண்ணாகப் பிறந்ததால் பெண் வேலை என்று இரண்டு கணக்கிலும் உங்கள் பெயரே இருக்கிறது. முதல் கேள்விக்குச் சொன்ன தாளை உங்கள் வீட்டுக் கதவிலும் ஒட்டுங்கள். எல்லார் முன்னாலும் படித்துக் காட்டுங்கள்.

குழாய் வேலை தெரிந்துகொள்ள வேண்டியதுதான், ஆனால் ஆணுடை அணிந்ததற்காக அல்ல. வீட்டில் உள்ள எல்லாரும் தெரிந்துகொள்ளலாம். திருகும் வகைக் குழாய் மூடிய பிறகும் சொட்டினால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். முதலில் குழாய்க்குத் தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மீதித் தண்ணீரை வடிய விடுங்கள். தொட்டியின் ஓட்டையைத் துணியால் அடையுங்கள், சின்னத் திருகாணி அதற்குள்தான் போய் விழும். கைப்பிடியைக் கழற்றி, அதன் கீழ் இருக்கும் பித்தளைத் தண்டை ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்பினால் வெளியே வரும். மறு கையால் குழாயின் உடலை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சுவரில் இருக்கும் இணைப்பு அசைந்து, கசிவு சுவருக்குள் போய்விடும். தண்டின் அடியில் இருக்கும் பழைய வாஷரைக் கையில் எடுத்துப் போய் அதே அளவில் வாங்குங்கள். புதியதைப் போட்டு, வந்த வரிசையிலேயே மாட்டுங்கள்.

புது வாஷர் போட்டும் சொட்டினால், வாஷர் உட்காரும் உலோக விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கும். விரலை விட்டுத் தடவினால் நெருடும். கால் சுற்றில் திறந்து மூடும் குழாய் பலவற்றில் வாஷர் இருக்காது, செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும், அதை முழுதாகவே மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள்: இறுக்கி இறுக்கி மூடினால் வாஷர் சீக்கிரம் நசுங்கும்.

மார்பைத் தட்டையாகக் காட்ட பைண்டர் அணிகிறவராக இருந்தால், மேசை தூக்குவது போன்ற கனமான வேலைக்கு முன் கழற்றிவிடுங்கள். பொதுவாகவே எட்டு மணி நேரத்துக்கு மேல் அணியக் கூடாது, அதோடு தூங்கக் கூடாது. எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றுவது அறவே வேண்டாம். மூச்சு விட விட அது இறுகி விலா எலும்பைப் பாதிக்கும்.

கேள்வி: ஐந்து வயது மகன் என்னைப் பெண் உடையில் பார்த்துவிட்டான். "அப்பா ஏன் அம்மா ஆயிட்டாரு?" என்று கேட்டான். அன்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

பதில்: "அப்பா அப்பாதான். எனக்கு இந்த உடை பிடிக்கும், அதனால போட்டிருக்கேன்" என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும். அந்த வயதில் குழந்தை விளக்கத்தைவிட உங்கள் முகத்தைத்தான் படிக்கும். நீங்கள் பதறினால் அவனும் பதறுவான். "யாருகிட்டயும் சொல்லிடாதே" என்று மிரட்டி ரகசியம் சுமத்தாதீர்கள். வெளியே தெரியக் கூடாது என்றால் அந்த ஜாக்கிரதை பெரியவர்களுடையது.

அவன் கேள்வியின் இன்னொரு பாதியையும் கவனித்தீர்களா? பாத்திரம் கழுவியதாலும் அவனுக்கு நீங்கள் அம்மாவாகத் தெரிந்திருக்கலாம். சட்டை அணிந்த அப்பா தினமும் கழுவுவதைப் பார்த்தால் அது மாறிவிடும். அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஐந்து வயதுக்குக் காலுறைகளை ஜோடி சேர்க்கலாம், கரண்டிகளைத் துடைத்து அடுக்கலாம். மகளும் இருந்தால் வாரம் ஒருமுறை வேலையை மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

கேள்வி: ஹீல்ஸும் இடுப்பை இறுக்கிக் கட்டும் கார்செட்டும் அணிந்து வீடு துடைத்தால் முதுகு பிடித்துக்கொள்கிறது. கழற்றாமல் செய்ய வழி உண்டா?

பதில்: இல்லை. ஹீல்ஸ் உடம்பின் எடையை முன்பாதத்துக்குத் தள்ளும், இடுப்பு அதை ஈடுகட்ட வளையும். ஈரத் தரையில் அந்தச் சின்னக் குதிக்குப் போதிய பிடிமானமும் இருக்காது. கார்செட் அணிந்தால் இடுப்பு வளையாது, அதனால் குனியும் பாரம் முழுவதும் முதுகின் மேல்பகுதிக்கும் தொடைக்கும் போகும். மூச்சும் ஆழமாக வராது, சாப்பிட்ட பிறகு என்றால் நெஞ்சு எரியும். துடைக்கும்போது வழுக்காத அடிப்பாகம் உள்ள தட்டைச் செருப்பு அணியுங்கள். துடைப்பான் கோல் உங்கள் மோவாய் உயரத்துக்கு இருந்தால் குனியாமலே துடைக்கலாம். வாளியைப் பாதி மட்டும் நிரப்பி, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். அறையின் உள்மூலையில் தொடங்கிப் பின்னோக்கி வாசலுக்கு வாருங்கள். தரை காய்ந்த பிறகு ஹீல்ஸ் போட்டுக்கொள்ளலாம். கார்செட்டை முதலில் தளர்வாகக் கட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால் மரத்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே முன்பக்கக் கொக்கிகளைக் கழற்றாமல், முதலில் பின்னால் இருக்கும் நாடாவைத் தளர்த்துங்கள். இறுக்கமாக இருக்கும்போது கொக்கிகளை இழுத்தால் அவை வளைந்துவிடும்.